பிரிட்ஜ் பாஸ் புஹாரியின் கந்தூரி

புஹாரி பாஸ் மேல் எனக்குப் பொறாமை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் வந்து கேட்கக் கூடாது. அவரும் நானும் ஒரே வருடத்தில் மாத்தளை வேர்க்ஷொப்பில் சேர்ந்தவர்கள். அவர் பிரிட்ஜ், அதாவது குளிர்பெட்டி, திருத்துபவர். நான் அவரை ஏற்றிக்கொண்டு போகும் லொறியின் சாரதி. சேரும்போது இருவருக்கும் நாட்கூலிதான். இன்று அவர் போர்மனாக இருந்து பென்ஷனுக்குக் காத்திருக்கிறார். நான் சாரதியாகச் சேர்ந்தேன், சாரதியாகவே காத்திருக்கிறேன். சாரதிக்கு மேலே ஏறுவதற்கு அரசாங்கம் இன்னும் ஒரு படியைக் கட்டவில்லை.

ஆனால் என் பொறாமை சோற்றோடு செமித்துவிடும் சாதி. புஹாரி பாஸுடையது அப்படியல்ல. மனுசன் ஆறு வருடம் அதை அடைகாத்தார். அந்தக் கதையைத்தான் சொல்கிறேன்.

புஹாரியின் வாப்பா மாத்தளைச் சந்தையில் மிளகும் கராம்பும் வாங்கி விற்றவர். பிள்ளைகள் நிறைய. புஹாரி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, ரிவர்ஸ்டன் பக்கத்துத் தோட்டத்துத் துரை பங்களாவில் எடுபிடி வேலைக்குப் போனார். அங்கேதான் பிரிட்ஜ் என்ற ஒன்றை முதன்முதலில் கண்டது. மண்ணெண்ணெயில் ஓடுகிற பிரிட்ஜ். கீழே விளக்கு எரிகிறது, மேலே ஐஸ் கட்டுகிறது. நெருப்பை வைத்தால் குளிர்கிறதே, இது ஷைத்தானின் வேலை என்று நினைத்து முதல் ஒரு கிழமை அந்தப் பக்கமே போகவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார்.

ஒரு நாள் அந்தப் பெட்டி குளிராமல் நின்றுவிட்டது. விளக்கு நன்றாகத்தான் எரிகிறது, பெட்டி மட்டும் சும்மா நிற்கிறது. பங்களாவின் அப்பு, சமையலுக்குப் பொறுப்பான கிழவன், உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்துவிட்டு, பெட்டியைத் தலைகீழாகப் புரட்டி ஒரு இரவு அப்படியே நிறுத்தி வைத்தான். காலையில் நிமிர்த்தி விளக்கை ஏற்றினான். பின்னேரம் பெட்டி குளிர ஆரம்பித்துவிட்டது. ஏன் என்று அப்புவுக்கும் தெரியாது, புஹாரிக்கும் தெரியாது. ஆனால் புஹாரி அதைப் பிடித்துக்கொண்டார். அவருடைய முழு வாழ்க்கையும் அந்த ஒரு புரட்டலில்தான் கட்டப்பட்டது.

சுதந்திரம் கிடைத்துக் கொஞ்சக் காலத்தில் மாத்தளையில் வேர்க்ஷொப் திறந்தார்கள். ஆஸ்பத்திரி, டிஸ்பென்சரி, வாடிவீடு எல்லாவற்றுக்கும் பிரிட்ஜ் கொடுத்தார்கள். கரண்ட் இல்லாத இடத்துக்கெல்லாம் மண்ணெண்ணெய்ப் பிரிட்ஜ். திருத்தத்தான் ஆள் இல்லை. அப்போது போர்மனாக இருந்தவர் ஒரு பறங்கியர். மோட்டாருக்கு ராசா, பிரிட்ஜ் என்றால் கைகழுவுவார். புஹாரி கூலியாளாக உள்ளே நுழைந்து, இரண்டு மூன்று பெட்டியைப் புரட்டி ஓட வைத்ததும் பாஸ் ஆகிவிட்டார், கைவேலை தெரிந்தவனை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம். பிறகு கண்டிக்குப் போய் கரண்ட் பிரிட்ஜுக்கு காஸ் அடிக்கவும் பழகினார். நிரந்தரமாக்கினார்கள். நூருன்னிஸாவைக் கலியாணம் பேசியபோது பெண் வீட்டார், "பிரிட்ஜ் திருத்துறது ஒரு தொழிலா? மாத்தளைல எத்தன பிரிட்ஜ் ஈக்கிது?" என்று கேட்டார்களாம். அவர் பதில் சொல்லாமல் அந்த மாதத்துப் பட்டாவை எடுத்து மேசையில் வைத்தாராம்.

பட்டா என்றால் வெளியூர் வேலைக்குக் கொடுக்கும் படி. இதை விளங்கிக்கொள்ளாவிட்டால் பிரிட்ஜ்காரனின் பிழைப்பு விளங்காது. சம்பளம் என்ற பெயரில் வருவது அரிசி, மாவு, சீனிக்கே இழுபறி. வில்கமுவ, லக்கல என்று தூரத்து டிஸ்பென்சரிக்குப் போய் இரவு தங்கினால்தான் கையில் நாலு காசு நிற்கும். பெட்டி புரட்டினால் இரவு தங்கியே ஆக வேண்டும். அவர் தங்கினால் லொறியும் தங்கும், எனக்கும் பட்டா. அதனால் அவர் புரட்டுகிறபோது நான் ஒரு நாளும் ஏன் என்று கேட்டதில்லை.

புரட்டுவதற்கு ஒரு முறையும் வைத்திருந்தார். எல்லோரையும் அறைக்கு வெளியே அனுப்புவார். கதவைச் சாத்துவார். பிஸ்மில்லாஹ் சொல்லி நானும் அவரும் பிடித்துப் புரட்டுவோம். வெளியே வந்து, "கை வைக்க வாணாம், சூடு எறங்கணும்" என்று முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு சொல்வார். டிஸ்பென்சரிக்குப் பொறுப்பான மாத்தயாமார் பயந்து, கோழி அடித்துச் சோறு போடுவார்கள்.

இப்படி இருக்கும்போதுதான் தர்மராஜா வந்தார்.

யாழ்ப்பாணத்து மனிதர், முப்பது வயது இருக்கும். கொழும்பில் தொழில்நுட்பக் கல்லூரியில் பிரிட்ஜ் வேலையே படித்து சேட்டிபிகேட் எடுத்தவர். வெள்ளை சேட்டு, நெற்றியில் விபூதிக் கீற்று, சட்டைப்பையில் பேனை. வந்த முதல் நாளே ஸ்டோரில் இருந்த ஜுனைதீன் "மிஸ்டர் தர்மராஜா" என்று பெயர் பதிந்தான். புஹாரி பன்னிரண்டு வருடமாக வெறும் பாஸ். அந்த ஒரு மிஸ்டர் மனுசனின் தொண்டையில் மீன் முள் மாதிரிக் குத்தி நின்றது.

அவர் வேலையாவது மோசமாக இருந்திருந்தால் புஹாரிக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அதற்கும் வழியில்லை. ஆஸ்பத்திரியின் பெரிய கரண்ட் பிரிட்ஜ் ஒன்றை புஹாரி மூன்று தரம் காஸ் அடித்தும் காஸ் தங்காததால் கைவிட்டிருந்தார். தர்மராஜா சோப்பு நுரையைக் குழாயெல்லாம் பூசி, ஒரு மயிரிழை ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டினார். பெட்டி இன்று வரைக்கும் ஓடுகிறது. அன்று புஹாரி லொறியில் ஏறியதும் சொன்னது இதுதான்: "சோப்பு யாரும் பூசலாம், மக்கீன். எனக்கு சோப்பு தரல்ல."

ஸ்டோரில் சோப்பு எப்போதும் இருந்தது.

பறங்கியர் அறுபத்தெட்டில் பென்ஷன் எடுக்கப் போவதாகப் பேச்சு வந்தது. போர்மன் இடம் ஒன்றுதான். கேட்க இரண்டு பேர். புஹாரிக்கு அனுபவம் இருந்தது, சிங்களப் பரீட்சையும் இருந்தது. அந்தக் காலத்தில் அரசாங்க வேலையில் இருப்பவன் சிங்களத்தில் பாஸாக வேண்டும், இல்லாவிட்டால் வருடச் சம்பள உயர்வு கிடையாது, பதவியும் கிடையாது. சந்தையில் வளர்ந்த புஹாரிக்குச் சிங்களம் தண்ணீர் பட்ட பாடு. எழுதத்தான் நடுங்கினார், எப்படியோ கரையேறிவிட்டார். தர்மராஜாவுக்கு சேட்டிபிகேட் இருந்தது. சிங்களத்தில் இரண்டு தரம் பெயில். அதனால் அவருடைய சம்பளம் வந்த இடத்திலேயே நின்றது. அடுத்த பரீட்சையில் அவர் பாஸானால் போர்மன் அவர், இல்லாவிட்டால் புஹாரி. வேர்க்ஷொப்பில் எல்லோருக்கும் இது தெரியும்.

சம்பள நாளில் வரிசையில் நிற்கும்போது பக்கத்தவன் வாங்குவது கண்ணில் படாமல் போகாது. ஒரு நாள் நான் புஹாரியிடம், நீங்கள் பட்டாவோடு எடுப்பதை விட அந்த மனிதருக்குக் குறைவாகத்தான் கையில் வருகிறது, பிறகு ஏன் இந்த எரிச்சல் என்று கேட்டேன்.

"கைக்கு வாறதப் பாக்குற நீ," என்றார். "அவருக்கு வர ஈக்கிறதப் பாரு. நான் ஏறி முடிஞ்சிட்டேன், மக்கீன். அவரு இன்னம் ஏணில கால் வெக்கல்ல."

அதுதான் அவருடைய வியாதி. அடுத்தவனின் இன்றைய சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனைத் தேற்றலாம். வரப்போகிற சம்பளத்தைப் பார்த்துப் பொறாமைப்படுகிறவனை என்ன செய்வது?

அந்த வருடம் வில்கமுவ டிஸ்பென்சரியில் பெட்டி நின்றுவிட்டது. பாம்புக்கடி மருந்து உள்ளே. வயல் அறுக்கிற காலம், அந்தப் பக்கம் பாம்புக்குக் குறைவில்லை. புஹாரியோடு தர்மராஜாவையும் அனுப்பினார்கள், மண்ணெண்ணெய்ப் பெட்டி அவர் படிக்காத வேலை, பார்த்துப் பழகட்டும் என்று. ரத்தோட்டை ஏறி ரிவர்ஸ்டன் மூடுபனியில் லைட்டைப் போட்டுக்கொண்டு போகிற அவ்வளவு தூரமும் புஹாரி கண்ணாடிக்கு வெளியேயே பார்த்துக்கொண்டு வந்தார். நடுவில் உட்கார்ந்திருந்த தர்மராஜாவோ வழியில் தெரிகிற பெயர்ப்பலகையை எல்லாம் எழுத்துக் கூட்டிச் சிங்களத்தில் வாசித்துக்கொண்டு வந்தார். ஒவ்வொரு பலகைக்கும் புஹாரியின் முகம் இன்னும் கொஞ்சம் கறுத்தது.

டிஸ்பென்சரியில் வழக்கம்போல எல்லோரையும் வெளியே போகச் சொன்னார். தர்மராஜா போகவில்லை. போகச் சொல்லவும் முடியாது, பழகத்தானே வந்திருக்கிறார். புரட்டினோம். தர்மராஜா குனிந்து பின்பக்கத்துக் குழாய்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். ஏன் இப்படிப் புரட்டுகிறீர்கள் என்று கேட்டார். புஹாரி, கைப்பழக்கம் என்று சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போய்விட்டார்.

மறுநாள் நிமிர்த்தினபோது உள்ளே களக் களக் என்று தண்ணீர் இறங்குகிற மாதிரி ஒரு சத்தம். தர்மராஜா காதை வைத்துக் கேட்டார். கேட்டுக்கொண்டே தலையை ஆட்டினார். பிறகு டிஸ்பென்சரி மாத்தயாவைக் கூப்பிட்டு, குழாய்க்குள் ஓடிக் குளிர வைக்கிற தண்ணீர் ஓரிடத்தில் அடைபட்டு நிற்கிறது, புரட்டினால் அது பழைய இடத்துக்கு இறங்குகிறது, இதற்கு ஆள் வர வேண்டியதில்லை, அடுத்த முறை நீங்களே செய்யலாம் என்று உடைந்த சிங்களத்தில் விளக்கினார். செய்தும் காட்டினார். அந்த மாத்தயா அவர் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னார். அன்றைக்குக் கோழிக் கறி வரவில்லை, பருப்புதான் வந்தது.

வில்கமுவைக்காரர் லக்கலைக்காரருக்குச் சொல்ல, அவர் இன்னொருவருக்குச் சொல்ல, எல்லா டிஸ்பென்சரியிலும் அவர்களாகவே புரட்ட ஆரம்பித்துவிட்டார்கள். எங்கள் பட்டா பாதியாகக் குறைந்தது. இந்த இடத்தில் நானும் புஹாரியின் பக்கம்தான். நல்ல மனிதன் செய்கிற நன்மையில் அடிபடுவது யார் என்று யாரும் கேட்பதில்லை.

அடுத்த வியாழன் பின்னேரம் புஹாரி என்னை உக்குவளைப் பக்கத்தில் இருக்கிற ஒரு ஸியாரத்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். அவுலியா என்கிற இறைநேசர் அடங்கிய இடம். அங்கே நேர்ந்தால் நடக்கும் என்று ஊரில் நம்பிக்கை. ஊதுபத்தி கொளுத்தி, கையேந்தி, எனக்குக் கேட்கிற மாதிரியே நேர்ந்து நிய்யத் வைத்தார். "தர்மராஜா மாத்தளைய உட்டுப் போகணும். போனா நெய்ச்சோறு ஆக்கிக் கந்தூரி குடுக்கிறேன்."

வெளியே வந்ததும், எங்கே போக வேண்டும் என்று சொல்லவில்லையே பாஸ் என்று கேட்டேன்.

"எங்க போனா எனக்கென்ன? போனாச் சரி."

மனுசன் பிரிட்ஜுக்கு உதிரிப்பாகம் கேட்கிறபோது அளவு, நம்பர் எல்லாம் சரியாகச் சொல்லிக் கேட்பவர். அல்லாஹ்விடம் கேட்கிறபோது மட்டும் அவசரப்பட்டுவிட்டார்.

பரீட்சை முடிவு வந்தது. தர்மராஜா பாஸ். புஹாரி அன்று லீவு போட்டு வீட்டில் படுத்தார். நூருன்னிஸா என்ன காய்ச்சலா என்று கேட்டதற்கு, நெஞ்சில் காஸ் என்றாராம். ஒரு மாதம் தர்மராஜா போர்மனாகிவிட்ட மாதிரியே ஊர் பேசியது. ஜுனைதீன் அவருடைய நாற்காலியைத் துடைக்க ஆரம்பித்துவிட்டான்.

பிறகு ஒரு காலையில் தர்மராஜா வேலையை விடுகிறார் என்று செய்தி வந்தது. சாம்பியாவுக்குப் போகிறாராம். ஆபிரிக்காவில் ஒரு நாடு. அங்கே அரசாங்கமே பிரிட்ஜ் வேலைக்கு ஆள் எடுக்கிறது. சம்பளம் இங்கே எடுப்பதைப் போலப் பல மடங்கு, வீடு சும்மா, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் சும்மா. போர்மன் இடம் புஹாரிக்கு.

கேட்டதெல்லாம் கிடைத்தது. நான் முகத்தைப் பார்த்தேன். முட்டை கேட்டவனுக்குக் கோழியைக் கொடுத்து, பக்கத்து வீட்டுக்காரனுக்கு மாட்டைக் கொடுத்தால் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது.

"எவ்வளவாம் சம்பளம்?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். இன்னொரு தரம் கேட்டார். இன்னொரு தரமும் சொன்னேன்.

நிய்யத்தை நூருன்னிஸாவிடம் எப்போதோ உளறியிருக்கிறார். அவள் விடவில்லை. வைத்தால் நிறைவேற்ற வேண்டும், இல்லாவிட்டால் வீட்டுக்கு ஆகாது என்று ஒரே பிடி. ஆகக் கந்தூரிக்கு நாள் வைத்தார். ஸியாரத்தில் பத்துப் பேருக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வருவது அவருடைய கணக்கு. ஆனால் மாத்தளையில் நெய் வாங்கினால் மூன்றாவது கடைக்குப் போகும்முன் ஊருக்குத் தெரிந்துவிடும். புஹாரி பாஸ் கந்தூரி கொடுக்கிறார், தர்மராஜா ஐயா போகிற கிழமையிலேயே கொடுக்கிறார். ஜுனைதீன் தானாகவே முடிவு செய்து வேர்க்ஷொப் முழுக்கச் சொல்லிவிட்டான்: இது பிரியாவிடைச் சாப்பாடு என்று. தர்மராஜாவுக்கும் போய்ச் சொல்லிவிட்டான்.

அந்த மனிதர் நேராக வந்து புஹாரியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "பாஸ், நான் உங்களை இவ்வளவு நாளும் சரியா விளங்கிக்கொள்ளேல்ல. மனுசியோட வாறன்."

அதற்குப் பிறகு எதை மறுப்பது? மாட்டிறைச்சி என்று நினைத்திருந்தது ஆடாக மாறியது. தர்மராஜாவும் அவருடைய மனைவி சுசீலாதேவியும் சுத்த சைவம். அவர்களுக்குத் தனியாகச் சமைக்க நூருன்னிஸா புதுச் சட்டி பானை வாங்கினாள். கோயில் வீதியில் இருக்கிற அழகம்மாவைக் கூட்டிவந்து மரக்கறி ஆக்க வைத்தாள். தான் பொறாமைப்பட்ட மனிதனுக்காக நெய்யில் கத்தரிக்காய் வதக்குகிற மணம் அடிக்க, புஹாரி அடுப்படிக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தார்.

"என்னத்துக்கு நடக்கிறீங்க?" என்று நூருன்னிஸா கேட்டாள். "நேந்தது நடந்திச்சே. உக்காருங்க."

ஸியாரத்தில் வேர்க்ஷொப் முழுவதும் கூடிவிட்டது. பாத்திஹா ஓதுவதற்கு முன் லெப்பை வழக்கப்படி கேட்டார், என்ன நிய்யத்துக்கு இந்தக் கந்தூரி என்று. அதைச் சொன்னால்தான் அவர் துஆ கேட்கலாம். புஹாரி தலையில் இருந்த தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டார். பொய் சொல்ல அது இடமில்லை, உண்மை சொல்ல ஆள் பக்கத்தில் இருக்கிறார். பின்னாலிருந்து ஜுனைதீன் குரல் கொடுத்தான்: "நம்மட தர்மராஜா ஐயா சாம்பியா போறார், லெப்பை. அவருக்காகத்தான்."

லெப்பை நல்ல மனிதர், நீட்டி ஓதுகிறவர். அரபியில் முடித்துவிட்டுத் தமிழில் தொடங்கினார். யா அல்லாஹ், இந்தப் பிள்ளையின் பிரயாணத்தைச் சுகமாக்குவாயாக. ஆமீன். இவருடைய சம்பளத்தில் பரக்கத் செய்வாயாக. ஆமீன். அதை இரட்டிப்பாக்குவாயாக. ஆமீன். இவரைப் பதவிக்கு மேல் பதவியாக உயர்த்துவாயாக. எல்லோரும் ஆமீன் என்றோம். நான் கடைக்கண்ணால் புஹாரியைப் பார்த்தேன். உதடு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த தர்மராஜா, இந்துவாக இருந்தும், கையேந்தி மெதுவாக ஆமீன் சொன்னார். அதற்குப் பிறகு புஹாரியும் சொன்னார். பல்லுப் பிடுங்குகிறவனிடம் வாயைத் திறக்கிற மாதிரிச் சொன்னார்.

சாப்பாடு முடிந்து கை கழுவுகிறபோது தர்மராஜா மிச்சத்தையும் சொன்னார். கொழும்பில் ஒரு ஹோட்டலில் வைத்து வெள்ளைக்காரர் இருவர் நேர்முகம் கண்டார்களாம். கரண்ட் பிரிட்ஜைப் பற்றி ஒரு கேள்வியும் இல்லை. சாம்பியாவில் கிராமத்து டிஸ்பென்சரி எல்லாவற்றிலும் மண்ணெண்ணெய்ப் பெட்டிதானாம். அது நின்றுவிட்டால் என்ன செய்வாய் என்று மட்டும் கேட்டார்களாம்.

"வந்த ஆக்களில ஒருத்தருக்கும் தெரியேல்ல, பாஸ். நான் வில்கமுவையில நீங்கள் செய்ததைச் சொன்னன். உடனே எடுத்திட்டாங்கள்."

புஹாரி கையைக் கழுவிக்கொண்டே இருந்தார். கேத்தல் தண்ணீர் முடிந்துவிட்டது. அவர் வெறும் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்குப் போகிற வழியில் லொறியில் ஒரே ஒரு பேச்சு. "என்ட பெட்டி, மக்கீன். என்ட புரட்டு. அவரு போறாரு."

போர்மன் ஆனார். பலகையில் மிஸ்டர் புஹாரி என்று எழுதினார்கள். சம்பளம் கொஞ்சம் கூடியது. போர்மன் வெளியூர் வேலைக்குப் போகத் தேவையில்லை, ஆகவே மிச்சமிருந்த பட்டாவும் நின்றது. கூட்டிக் கழித்தால் பாஸாக இருந்தபோது கண்ட அளவுதான். வாசலில் பலகை இருந்தும் கூலியாட்கள் இன்றும் பாஸ் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

தர்மராஜா ஒரு தரம் லீவில் வந்தார். ஹயர் கார், சுசீலாதேவியின் கையில் புது வளையல், பிள்ளைகள் இங்கிலீசில் சண்டை பிடித்தார்கள். மனிதர் மறக்காமல் புஹாரியைப் பார்க்க வந்து, பிஸ்கட் டின் கொடுத்து, அந்தக் கந்தூரிதான் தன்னை உயர்த்தியது என்று நூருன்னிஸாவிடம் சொல்லிவிட்டுப் போனார். புஹாரி அந்த டின்னைத் திறக்கவில்லை. உள்ளே இருந்ததை அவருடைய பிள்ளைகள் தின்றுவிட்டு, டின்னில் நூருன்னிஸா கொத்தமல்லி போட்டு வைத்திருக்கிறாள்.

இப்போது காலம் இன்னும் மாறிவிட்டது. பிரிட்ஜ் வேலை தெரிந்தவனை குவைத்துக்கும் துபாய்க்கும் கூப்பிடுகிறார்கள். எங்கள் வேர்க்ஷொப்பில் பலீல் என்றொருவன் சேட்டிபிகேட்டோடு சேர்ந்திருக்கிறான். நல்ல கைக்காரன். போன மாதம் பாஸ்போட்டுக்குப் படம் எடுத்திருக்கிறான் என்று கேள்வி.

கடந்த வியாழன் புஹாரி என்னிடம் வந்து லொறியை எடுக்கச் சொன்னார். உக்குவளைக்கா என்றேன். தலையை ஆட்டினார். வழியில், இந்த முறை பலீலை எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று கேட்டேன்.

"எங்கயும் அனுப்பல்ல," என்றார். "ஒரு தரம் அனுப்பிப் பட்டது போதும்."

ஊதுபத்தி கொளுத்திக் கையேந்தினார். இந்த முறை அவசரப்படவில்லை. அளவு, நம்பர் எல்லாம் வைத்து, நிறுத்தி நிதானமாகக் கேட்டார்.

"யா அல்லாஹ், பலீல் மாத்தளையிலேயே ஈக்கணும். என்ட வேர்க்ஷொப்பிலேயே ஈக்கணும். பென்ஷன் எடுக்கிற வரைக்கும், என்னய மாதிரியே ஈக்கணும்."

பலீல் அங்கே வாங்கப் போகிற சம்பளத்தைப் பற்றி எனக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள். நானும் கையேந்தி, நன்றாகக் கேட்கிற மாதிரி ஆமீன் சொன்னேன்.